போன வருஷ டிசைனே போதும்

நம் ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகள் இருவருக்கும்,

அடுத்த மாதத்திலிருந்து நான் அம்பர்நாத்தில் ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனிக்குப் போகிறேன். பிஸ்கட் டப்பா, ஊதுபத்தி டப்பா டிசைன். "போறதுக்கு முன்னால பசங்களுக்கு ஏதாவது எழுதி வெச்சுட்டுப் போயேண்டா" என்று முதலாளி சார் சொன்னார். இதெல்லாம் ஓய்வு பெற்றவர்கள் செய்கிற காரியம். எனக்கு இன்னும் முப்பத்திரண்டுதான் ஆகிறது. ஆனாலும் இந்த மேஜையில் உட்கார்ந்து தேர்தல்களைப் பார்த்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

மெஷினைப் பற்றி எழுதப் போவதில்லை. அது ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். தமிழ் டைப்பிங்கும் வந்துவிடும். நீங்கள் ஹிந்தியில் யோசித்துத் தமிழில் தட்டுகிறவர்கள். ஒற்று எங்கே வரும் என்று சந்தேகம் வந்தால் மட்டும் எனக்கு அனுப்பிக் கேளுங்கள். நான் சொல்ல வந்தது ஆட்களைப் பற்றி. குறிப்பாக, கட்சி மாறி வருகிறவர்களைப் பற்றி.

தாராவியில் ஒருவர் கட்சி மாறினால் முதலில் தெரிவது ஃப்ளெக்ஸ் கடைக்குத்தான். வீட்டுக்குக்கூட அப்புறம்தான் தெரியும். அவர் கைகூப்பி நிற்கும் படம் ஏற்கனவே நம் கம்ப்யூட்டரில் இருக்கும். அதே வெள்ளைச் சட்டை, அதே சிரிப்பு. பின்னால் இருக்கும் நிறத்தை மாற்றுவோம், மேலே வட்டவட்டமாக இருக்கும் தலைவர்களை மாற்றுவோம், அவ்வளவுதான். வேலை முடியும்வரை அவர் நம் கண்ணைப் பார்க்க மாட்டார். டீ சொல்லட்டுமா என்று இரண்டு முறை கேட்பார்.

சேர்ந்த புதிதில் எனக்கு அவர்கள்மேல் ரொம்ப இளக்காரம். எங்கள் வீட்டில் யாரும் மாறியதே கிடையாது. அப்பாவுக்கு எழுத்து தெரியாது. அவருக்குக் கட்சி என்றால் ஒரு சின்னம்; அதைத் தேடிப் பிடித்து அமுக்கிவிட்டு வருவார். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். படித்தவன் கொள்கையோடு இருக்க வேண்டும், மாறுகிறவனெல்லாம் விலைபோனவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சீட்டுக்காக மாறுகிறவர்கள் உண்டுதான், இல்லையென்று சொல்லவில்லை. டிவியில் வருகிறவர்கள் அவர்கள். நம் மேஜைக்கு முன்னால் வந்து உட்காருகிறவர்கள் பெரும்பாலும் வேறு ரகம்.

செம்பூரில் ஒரு மாமா இருந்தார். பேங்கில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். சர்வீஸ் முழுக்க யூனியன் ஆள். ஆர்ப்பாட்டத்துக்கு நம் கடையில்தான் பேனர் அடிப்பார். ஒருநாள் நேர் எதிர்க்கட்சிக்காரர்கள் நடத்தும் வாக்கிங் கிளப்புக்கு வாழ்த்து பேனர் கேட்டு வந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"என்ன மாமா, கொள்கையெல்லாம் மாறிப்போச்சா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "கொள்கை எங்கேயும் போகலைடா. யூனியன் ஆபீஸ்ல இப்போ என்னை யாருக்கும் தெரியலை. யார் வேணும்னு கேக்கறா. இவா தினம் கார்த்தால பில்டிங் வாசல்ல நின்னுண்டு 'சார், வரேளா'ன்னு கூப்பிடறா. ரெண்டு வருஷமா கூட நடக்கறேன். கூட நடந்தா பேச்சு ஒட்டிக்கும்டா, என்ன பண்றது?"

அன்றைக்கு அதை நான் ஒரு சால்ஜாப்பு என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்பை மாற்றியது பேச்சியம்மாள் அக்கா விஷயம். நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

பேச்சியம்மாள் அக்காவும் அவர் கணவர் சுடலைமுத்து அண்ணாச்சியும் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் இருக்கிறார்கள். அண்ணாச்சி அவர்கள் ஏரியா கட்சிக் கிளைக்குத் தலைவர். கட்சிப் பெயர் வேண்டாம்; நிறத்தைச் சொன்னால்கூட நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். அவர் கட்சி, அக்கா கட்சி என்றே வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பொங்கலுக்கும் நாக்கா முச்சந்தியில் அண்ணாச்சியின் வாழ்த்து பேனர் தொங்கும். ஒரு பக்கம் தலைவர்கள், நடுவில் பொங்கல் பானை, கீழே அண்ணாச்சியும் அக்காவும் ஜோடியாகக் கைகூப்பி நிற்பார்கள்.

அந்த ஜோடிப் படத்தைப் பற்றி ஒரு விஷயம். அவர்கள் சேர்ந்து நின்று எடுத்த போட்டோவே கிடையாது. அண்ணாச்சியின் மேடைப் படத்தையும், அக்கா யாரோ ஒருவர் கல்யாணத்தில் நின்ற படத்தையும் வெட்டித் தோளோடு தோள் ஒட்டவைத்தவன் நான். அவர் முகத்தில் வெயில் வெளிச்சம் இடப்பக்கம், அக்கா முகத்தில் டியூப்லைட் வெளிச்சம் வலப்பக்கம். நாக்காவில் யாரும் அதைக் கவனித்ததில்லை.

ஒரு வருஷம் பொங்கலுக்குச் சில நாள் முன்னால், காலையில் அண்ணாச்சி வந்தார். மாநகராட்சித் தேர்தல் வரப்போகிற நேரம், அதனால் நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"போன வருஷ டிசைனே போதும்ல. வருஷத்த மட்டும் மாத்து. சைஸ் கொஞ்சம் பெருசு. சாயங்காலம் வாரேன்."

நம் கடைக்கு வரும் ஆர்டரில் பாதி இந்த ஒரு வாக்கியம்தான். நானும் பழைய ஃபைலைத் திறந்தேன், வருஷத்தை மாற்றினேன், பிரிண்டுக்கு அனுப்பத் தயாராக வைத்தேன்.

மதியம் அக்கா வந்தார். மாட்டுங்காவில் இரண்டு வீட்டில் சமையல் வேலை முடித்து, அப்படியே நேராக வந்திருந்தார். திரையில் அண்ணாச்சியின் பேனர் இருந்தது, சட்டென்று மூடினேன். ஒருவர் ஆர்டரை இன்னொருவருக்குக் காட்டக்கூடாது, அது கணவன் மனைவியாக இருந்தாலும். இந்த விதியை சார் உங்களுக்கும் சொல்லியிருப்பார்.

அக்கா தன் போனை நீட்டினார். அதில் அவர் மட்டும் நிற்கும் படம். கழுத்தில் வேறொரு கட்சியின் துண்டு.

"இதப் போட்டு ஒரு பேனர் அடி தம்பி. பொங்கல் வாழ்த்து. பேருக்குக் கீழ மகளிர் அணின்னு போடணும். காசு எங்கையில இருக்கு."

நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். "அக்கா... நீங்க கட்சி மாறுறீங்களா?"

"மாறவா? நான் எந்தக் கட்சில இருந்தேன், மாறுததுக்கு?" அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஊர்ல இருக்கையில எங்கய்யா கட்சி. கல்யாணம் முடிஞ்சு வண்டியேறி இங்க வந்தா இவுக கட்சி. பாத்திரம் பண்டத்தோட அதுவும் வந்துச்சு. என்ட்ட யாரு கேட்டா? இப்பத்தான் தம்பி மொதத் தடவையா ஒரு கட்சில சேருதேன்."

பிறகு தண்ணீர் விஷயத்தைச் சொன்னார். அவர்கள் கல்லிச் சந்துக்குத் தண்ணீர் விடும் நேரத்தைக் காலையிலிருந்து பகலுக்கு மாற்றிவிட்டார்கள். பகலில் பெண்கள் எல்லோரும் வேலைக்குப் போயிருப்பார்கள். குழாயில் வருகிற தண்ணீரைப் பிடிக்க ஆள் இருக்காது. அண்ணாச்சியின் ஓரறைக் கோலி வீட்டில் கிளைக் கூட்டம் நடந்த அன்றைக்கு, டீத்தட்டோடு நின்றுகொண்டு அக்கா கேட்டிருக்கிறார்: "அந்தத் தண்ணி நேரத்த மொதல்ல பேசுங்களேன்."

"அதுக்கு ஒருத்தன் என்ன சொன்னான் தெரியுமா? 'மதினி, டீல சீனி கொறச்சலா இருக்கு'ன்னான். எல்லாவனும் சிரிச்சானுவ. இவுகளும்தான்."

அதற்கப்புறம் பக்கத்துக் கல்லிப் பெண் ஒருத்தி, இன்னொரு கட்சியின் மகளிர் கூட்டத்துக்கு அக்காவைத் துணைக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். அங்கே ஒரு பெண் மைக்கைக் கொண்டுவந்து கையில் கொடுத்து, என்ன பிரச்சினை என்று கேட்டிருக்கிறார்.

"நான் பேசினேன். எங்கொரலு அந்த ஸ்பீக்கர் டப்பாக்குள்ள இருந்து வருது! வேற யாரோ பேசுதாவன்னு திரும்பிப் பாத்தேன்." அக்கா சிரித்த சிரிப்பில் ஸ்டூல் ஆடியது.

"தண்ணி நேரத்தை மாத்திட்டாங்களா அக்கா?"

"இன்னும் மாத்தல. மாத்துவாவளோ என்னமோ. ஆனா எம் பேரக் கேட்டாவ. சுடலைமுத்து பொண்டாட்டின்னு சொல்லப் போனேன். ஒங்க பேர் என்னன்னு மறுபடி கேட்டாவ."

நான் தயங்கித் தயங்கி, "அண்ணாச்சிக்குத் தெரியுமா?" என்றேன்.

சிரிப்பு நின்றது. "நேர்ல சொன்னா வாயத் தொறக்க விடமாட்டாவ. பேனரப் பாத்துத் தெரிஞ்சிக்கிடட்டும்."

தம்பிகளே, இந்த இடத்தில் என் நிலைமையை யோசியுங்கள். பொங்கல் அன்றைக்கு நாக்காவில் இரண்டு பேனர் தொங்கும். ஒன்றில் அக்கா கணவர் கட்சியில் கைகூப்பி நிற்பார். இன்னொன்றில் எதிர்க்கட்சித் துண்டோடு நிற்பார். இரண்டு பக்கமும் சம்பளம் வாங்குகிறவள் என்று அக்காவைச் சொல்வார்கள். பொண்டாட்டி எந்தக் கட்சி என்றுகூடத் தெரியாத தலைவர் என்று அண்ணாச்சியைச் சொல்வார்கள். அத்தனை பேர் முன்னால் அப்படி ஒரு அவமானம் நடந்தால் அன்று ராத்திரி அந்த வீட்டில் என்ன நடக்கும்? அடுத்த நாள் அக்கா அந்தத் துண்டை எடுத்து மடித்து வைத்துவிட வேண்டியதுதான். வாழ்க்கையில் முதல்முறையாகத் தானாக எடுத்த ஒரு முடிவு ஒருநாள்கூட நிற்காது.

உள்ளே போய் சாரிடம் சொன்னேன். அவர் தலையைத் தூக்காமலே, "ரெண்டையும் அடிச்சுக் குடுத்துடு. நாம போஸ்ட்மேன் மாதிரிடா. கடுதாசியில என்ன இருக்குன்னு போஸ்ட்மேன் பார்ப்பானோ?" என்றார்.

சார் சொன்னது தப்பில்லை. கடை நடத்துகிறவர் அப்படித்தான் இருக்க முடியும். ஆனால் போஸ்ட்மேன் கடிதம் எழுதுவதில்லை. அந்த முகத்தை வெட்டி அந்த இடத்தில் ஒட்டியது என் கை. அண்ணாச்சியிடம் சொன்னால் அக்காவின் ஆர்டரைக் காட்டிக்கொடுத்த மாதிரி. அக்காவிடம் சொன்னால் அண்ணாச்சியின் ஆர்டரைக் காட்டிக்கொடுத்த மாதிரி. இரண்டும் ஒன்றா? ஒன்றில்லை என்று எனக்குத் தோன்றியது. அண்ணாச்சியின் பேனரில் அண்ணாச்சிக்குச் சொந்தமில்லாத ஒன்று இருந்தது. அக்காவின் முகம்.

திரும்பி வந்து திரையைத் திறந்து காட்டினேன். "அக்கா, இதுல உங்க படம் இருக்கு. போடலாமா, வேண்டாமா? நீங்க சொல்லுங்க."

அக்கா ரொம்ப நேரம் பார்த்தார். "என்ட்ட ஒரு வார்த்தை கேக்கல பாத்தியா?" என்றார். அது என்னிடம் சொன்னதா, அண்ணாச்சியிடமா என்று தெரியவில்லை. எழுந்து சேலையை உதறிக்கொண்டார். "அவுக பேனர இப்ப அடிக்காத. நானே அவுகட்ட சொல்லுதேன். சாயங்காலம் வரைக்கும் பொறு."

சாயங்காலம் முதலில் வந்தது அண்ணாச்சிதான். கூடவே கட்சிக்காரர்கள் இரண்டு பேர். அக்கா இன்னும் அவரிடம் பேசவில்லை என்பது முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"எங்கல பேனரு?"

"இன்னும் அடிக்கல அண்ணாச்சி."

"ஏம்ல?"

மெஷின் ரிப்பேர் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் பக்கத்திலேயே மெஷின் யாருக்கோ பிறந்தநாள் பேனரை அடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. "அக்கா வரட்டும் அண்ணாச்சி. அவங்க படத்துக்கு அவங்க ஒரு வார்த்தை சொல்லணும்" என்றேன்.

"எம் பொண்டாட்டி படத்துக்கு நீ யார்ல கேக்க?" அண்ணாச்சி மேஜையில் தட்டியதில் என் டீ கவிழ்ந்தது. உள்ளேயிருந்து சார் எட்டிப் பார்த்தார். கூட வந்தவர்களில் ஒருவர், "அண்ணாச்சி, பையன் ஜாஸ்தி படிச்சிட்டான்போல" என்றார்.

அந்த நேரத்தில் அக்கா வாசலில் நின்றார். அண்ணாச்சியைத் தேடி வீட்டுக்குப் போய், அங்கே இல்லையென்று ஓடி வந்திருக்கிறார், மூச்சு வாங்கியது. தனியாகச் சொல்ல நினைத்ததை நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டியதாகிவிட்டது. கையிலிருந்த பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்துக் காட்டினார்.

"நான் இதுல சேர்ந்துட்டேன். ஒங்க பேனர்ல எம் படம் வேண்டாம்."

அண்ணாச்சிக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் என்று எனக்குப் பட்டது.

"எனக்கு எதிரா நிக்கியா?"

"எதிராவா? நான் எப்போ ஒங்க பக்கத்துல நின்னேன்? பின்னால நின்னேன், டீத்தட்டோட."

"படத்துல பக்கத்துலதான நிக்க?"

"அது இந்தத் தம்பி ஒட்டினது!"

கூட வந்தவர்களில் ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து இருமினார். அண்ணாச்சி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரையில் இருந்த ஜோடியைப் பார்த்தார். கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். அவருக்கும் அது ஒட்டிய படம் என்று தெரியும். மறந்து போயிருந்தார் என்று நினைக்கிறேன். கடையிலிருந்து இறங்கிப் போய்விட்டார்.

அக்கா கவிழ்ந்த டீயைத் துடைத்துவிட்டு, தன் பேனரை அடிக்கச் சொல்லிவிட்டுப் போனார். சார் என்னைத் திட்டினார், நியாயமாகத்தான். பழைய கஸ்டமர், தேர்தல் நேரம். இரண்டு நாள் நான் லேபர் கேம்ப் பக்கம் போகிறவர்களிடமெல்லாம் ஏதாவது சண்டை, ஜகடா உண்டா என்று விசாரித்தேன். சத்தம் ஒன்றும் கேட்கவில்லை என்றார்கள். சத்தம் இல்லை என்பது நல்லதா கெட்டதா என்றும் புரியவில்லை.

அந்த இரண்டு நாளில் யோசித்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஒருவர் கட்சியில் இருக்கிறார் என்றால், அவர் யோசித்துச் சேர்ந்தார் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். நிறையப் பேர் அப்படி இல்லை. போன வருஷ டிசைனில் வருஷத்தை மட்டும் மாற்றி ஓட்டிக்கொண்டிருப்பார்கள். அப்பா கொடுத்தது, புருஷன் கொடுத்தது, கம்பெனி கொடுத்தது. வேலை மாறும், வீடு மாறும், பிள்ளைகள் கிளம்பிப் போகும். ஏதோ ஒரு நாள் யாரோ ஒருவர் வந்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்பார். அப்போதுதான் ஃபைலைத் திறந்து பார்ப்பார்கள். செம்பூர் மாமாவையும் ஒருவர் வாசலில் நின்று கூப்பிட்டார், அவ்வளவுதான். போகிற கட்சி நல்லதா என்பது வேறு கேள்வி. அது நம் வேலையும் இல்லை. ஆனால் மாறி வருகிறவரைப் பார்த்து இளக்காரமாகச் சிரிக்காதீர்கள். அதோடு, ஒரு முகத்தை ஒட்டுவதற்கு முன்னால் அந்த முகத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வேலை தாமதமானால் ஆகட்டும்.

பொங்கலுக்கு முந்தின நாள் அண்ணாச்சி தனியாக வந்தார்.

"எம் படத்த மட்டும் போட்டு அடி."

அக்காவை எடுத்துவிட்டேன். பக்கத்தில் பெரிய வெற்றிடம். "உங்களை நடுவுல கொண்டு வரட்டுமா அண்ணாச்சி?"

"அங்கனயே இருக்கட்டும்" என்றார். காசைக் கொடுத்துவிட்டு, சுருட்டிய பேனரை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார்.

பொங்கல் அன்று காலை நான் நாக்காவுக்குப் போனேன். ரோட்டோரம் வரிசையாக அடுப்பு மூட்டியிருந்தார்கள். அண்ணாச்சியின் பேனர் விறைப்பாகத் தொங்கியது. எதிர்க் கம்பத்தில் அக்காவின் பேனர். அதைக் கட்டியது அவர்கள் மகளிர் அணிப் பெண்கள், பழக்கம் இல்லாதவர்கள். ஒரு பக்கக் கயிறு தளர்ந்து, காற்றில் மடங்கி மடங்கி, அக்காவின் முகம் பாதி மறைந்துபோய் அடித்துக்கொண்டிருந்தது. அக்கா கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சியின் ஆட்கள் டீக்கடையில் நின்று, "மதினி கட்சி ஆடுது பாரு" என்று ஹிந்தியிலும் தமிழிலுமாகக் கிண்டல் செய்தார்கள்.

அண்ணாச்சி டீக்கிளாஸைக் கீழே வைத்தார். ஏணியை இழுத்துக்கொண்டு போய் எதிர்க் கம்பத்தில் சாத்தினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார்.

"அரே, அண்ணாச்சியும் கட்சி மாறிட்டாவ!" என்று ஒருவர் கத்தினார்.

"வாயப் பொத்திட்டு வந்து ஏணியப் புடில!"

கத்தியவரே ஓடிப்போய் ஏணியைப் பிடித்தார். அண்ணாச்சி பழைய முடிச்சை அவிழ்த்து, கயிற்றைக் கம்பத்தில் சுற்றி இழுத்தார். பேனர் நிமிர்ந்தது. அக்காவின் முகம் முழுசாகத் தெரிந்தது. அவர் கயிற்றைப் பிடித்தபடியே கீழே திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்:

"ஏளா, இது போதுமா? நீ சொல்லு."

அக்கா இரண்டடி பின்னால் போய், கண்ணுக்கு மேல் கையை வைத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிதானமாகப் பார்த்தார்.

"வலப் பக்கம் கொஞ்சம் எறக்குங்க."

அண்ணாச்சி இறக்கிக் கட்டினார்.